தாது வருஷம், கஞ்சிக்கு

செம்மண்ணேரி மிட்டா வீட்டின் குதிர் அறைக்குள் யார் காலை வைத்தாலும் அவர்களுக்குப் பசி எடுத்தது. சும்மா கிள்ளுகிற பசி இல்லை. காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டு வந்தவரும், கல்யாணப் பந்தியிலிருந்து ஏப்பத்தோடு எழுந்து வந்தவரும், நாக்கு செத்துப்போய் ஆறு மாதமாக ரொட்டியும் பாலுமாக ஓட்டிக்கொண்டிருந்தவரும், அந்த உயரமான நிலைப்படியைத் தாண்டி, நெல் கொட்டி வைக்க ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற ஏழு மண்குதிர்களுக்கு நடுவே வந்து நின்ற மாத்திரத்தில், வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுத் துழாவுகிறார்கள் என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட முதல் நாளே இது தெரிந்துபோயிற்று.

அந்தக் காலத்தில் சுற்றுவட்ட ஊர்களில் வரி வசூலித்த மிட்டாதார்களின் அந்த வீட்டுக்கு இப்போது சொந்தக்காரி மனோரஞ்சிதம். பிள்ளையில்லாத பெரியப்பா, கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் கையை விரித்துவிட்டு, கேட்காத அவளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன வீடு. முப்பத்திரண்டு வருஷம் சேலம் ஜில்லாவின் கடைத்தெருக்களில் தராசுக்கும் படிக்கும் அரசு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் அவள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியவன், படியின் அடிப்பாகத்தைத் தட்டி மேலே எழுப்பியவன், எடைக்கல்லைக் குடைந்தவன் என்று எல்லாக் களவாணிகளையும் நடுத்தெருவில் நிறுத்தி வைத்து, "எங்க ஆளுங்க தாது வருஷப் பஞ்சத்துல ஊருக்கே குதிரைத் திறந்து விட்டவங்கய்யா, நீ என்னடான்னா நூறு கிராம்ல கை வைக்கிறே" என்று அவள் போடுகிற சத்தம் பிரசித்தம். தாரமங்கலம் மளிகைக்காரர் ஒருவர் அப்பாவியாக, "குதிரை திரும்பி வந்துச்சுங்களாம்மா?" என்று கேட்டு, அதற்கும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெருமை ஒன்றுதான் அவளுக்கு வீட்டிலிருந்து முன்கூட்டியே கிடைத்த சொத்து. வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டில் வளர்ந்தவளுக்கு அப்பா சொல்லிக் கொடுத்தது அது. அதனால்தான் வீடு கைக்கு வந்ததும், பூட்டி வைக்க மனசில்லாமல், ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களை அவளே அழைத்துக்கொண்டு போய் அறை அறையாகக் காட்டினாள். கடைசியாகக் காட்டுவது குதிர் அறை. அறையின் நடுவில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம் போல ஒரு செப்பு அண்டா. அதன் கழுத்தில், நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டுகிற மாதிரியே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: தாது வருஷம் மாசி மாதம் மிட்டாதார் ரங்கபூபதி கஞ்சிக்கு.

"ஊர் சுருண்டு கிடந்தப்ப இந்த அண்டாவுலதான் கஞ்சி காய்ச்சி ஊத்தினாங்க" என்பாள் மனோரஞ்சிதம். சொல்லும்போது அவளுக்கும் பசிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த அறைக்குள் போய்வந்தால் பத்துத் தடவையும் பசிக்கும். வந்தவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று ரங்கபூபதி இன்னமும் நினைக்கிறார், அதுதான் இப்படி எடுக்கிறது என்று அவள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஊர் அந்தப் பசியை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். பங்குனிக்குள் மிட்டா வீட்டுத் தெருவில் ஒன்பது சாப்பாட்டுக் கடை முளைத்தது. முதல் கடை போட்ட பெருமாயி, இலையில் சோற்றைக் கொட்டும்போதே வந்தவர் கண்ணைப் பார்த்து, குதிர் அறையில் எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லிவிடுவாள். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைகளைத் தர்மபுரி, நாமக்கல் பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒரு கையில் பிசைந்த சோறும் மறுகையில் பிள்ளையுமாக நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்ற தாய்மார்கள், பிள்ளையை உள்ளே ஒரு எட்டு வைக்கச் சொல்லி, அது அலறிக்கொண்டு வெளியே வந்ததும் வாயில் ஊட்டினார்கள். ஊர் டாக்டர் சீட்டில் 'மிட்டா வீடு, ஒரு வேளை, உணவுக்கு முன்' என்று எழுதினார். சர்க்கரை நோயாளிகள் உள்ளே செல்ல வேண்டாம் என்று பஞ்சாயத்தில் போர்டு வைத்தார்கள். சஷ்டி விரதக்காரர்கள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனார்கள். பரோட்டா தின்னும் போட்டி நடத்திய சங்கம், போட்டிக்கு முந்தின நாள் மிட்டா வீட்டுக்குப் போனவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி போட்டது. நாலு மாதத்தில், அந்தப் பசி ஏன் எடுக்கிறது என்று கேட்கிற ஆள் ஒருவரும் ஊரில் மிச்சமில்லை.

மனோரஞ்சிதத்துக்கு அவ்வப்போது எரிச்சல் வந்தது. நாலு இலை வாங்கி இரண்டு இலையைக் குப்பையில் தள்ளிவிட்டுப் போகிறவர்களைத் தெருமுனை வரை துரத்திப் போய்த் திட்டினாள். ஆனாலும் கூட்டத்தைப் பார்க்கையில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அப்போதுதான் அவளுடைய சித்தப்பா மகன் குமரகுரு கிளம்பினான். ஊரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவன். எந்த விழாவிலும் முதல் வரிசையில் உட்கார வேண்டும், உட்காராவிட்டால் ராத்தூக்கம் கெட்டுவிடும். தெரு முகப்பில் 'பஞ்சம் தீர்த்த வள்ளல் ரங்கபூபதி நினைவு வளைவு' கட்டி, ஆனி மாதம் சென்னையிலிருந்து பெரிய மனிதர்களை வரவழைத்துத் திறப்பது என்றும், வருகிற விருந்தாளிகளும் பங்காளிகளுமாக நாற்பது பேரும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டியில் அண்டாவுக்கு விளக்கேற்றுவது என்றும் ஏற்பாடு. வேட்டிகளை ஜெயக்கொடி சலவையகத்தில் கொடுத்து, "பவுடர் கிவுடர் எல்லாம் வேண்டாம், அந்தக் காலத்து மாதிரி அரிசிக் கஞ்சியே போடு, நட்டு வச்சா நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, நல்ல மத்தியானத்தில், ஜெயக்கொடி வேட்டி மூட்டையோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஊர்த் துணி வெளுத்தவர்கள். அவள் இப்போது கடைவீதியில் மெஷின் போட்டு, பில் புத்தகம் அடித்து, நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கிறாள். இருந்தும் மிட்டா வீட்டுக்கு வந்ததும் கால் தானாகப் பின்பக்கச் சந்துக்குத் திரும்பியது.

"அங்க எங்க போறீங்க? முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டாள் மனோரஞ்சிதம்.

"இல்லீங்கம்மா, பின்னாடி வச்சுட்டுப் போயிர்றேன். எங்க வீட்ல யாரும் இந்த வாசல்ல ஏறினதில்லீங்க."

"இப்ப ஏறுங்க. எவன் என்ன சொல்றான்னு பாப்போம்."

மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, குதிர் அறையில்தான் இடம் இருக்கிறது என்று சொல்லி அழைத்துப்போனாள். நிலைப்படி தாண்டியதும் வழக்கம்போல மனோரஞ்சிதத்தின் வயிறு பிடுங்கியது. ஜெயக்கொடி சுவரைப் பிடிப்பாள் என்று பார்த்தாள். ஜெயக்கொடி பிடிக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தைக்கு வந்தவள்போலச் சாவகாசமாகக் குதிர்களை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்களுக்குப் பசிக்கலையா?"

"இல்லீங்களே. காத்தால ரெண்டு வாய் பழைய சோறு தின்னதுதான். ஆனா பசிக்கலை."

நாலு மாதத்தில் அந்த அறைக்குள் வந்து பசிக்காத முதல் ஆள் அவள். மனோரஞ்சிதம் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெயக்கொடி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். விழாவுக்காக அன்று காலையில்தான் இரண்டு பேர் உள்ளே இறங்கி, புளியும் செங்கல் பொடியும் போட்டு, கை ஓய்கிற மட்டும் தேய்த்திருந்தார்கள். செம்பு புதுசாக மின்னியது. அடியில் மட்டும் ஒரு முழ வட்டத்துக்குக் கறை போகாமல் நின்றிருந்தது. ஜெயக்கொடி விரலில் எச்சில் தொட்டுக் குனிந்து தேய்த்து, விரலைப் பார்த்து, மோந்து, சிரித்துவிட்டாள்.

"இதுல யாருங்கம்மா கஞ்சி குடிச்சாங்க?"

"பஞ்சத்துல ஊரே குடிச்சது."

"நீலம் போட்டா?"

"நீலமா? அது களிம்புங்க."

"களிம்பு பச்சைங்கம்மா. புளி பட்டா ஓடிப்போயிரும். இது நீலம். எங்க கடை அண்டாவை வந்து பாருங்க, இதே அடி, இதே கறை, ஆனா இதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். அரிசியைக் குழைய வடிச்சு, கரைச்சு, நீலத்தை ஊத்தி வேட்டிக்குப் போடறது. 'கஞ்சிக்கு'ன்னுதானே எழுதியிருக்கு? சரியாத்தான் எழுதியிருக்காங்க. இது சோத்து அண்டா இல்லீங்க. துணி அண்டா."

மனோரஞ்சிதம் கழுத்தெழுத்தைத் திரும்பப் படித்தாள். நாலு மாதமாக ஆயிரம் பேருக்குப் படித்துக் காட்டிய அதே எழுத்து, ஒரு புள்ளிகூட மாறவில்லை.

ஜெயக்கொடியின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எங்களை ஊர்ல என்னன்னு சொல்வாங்க, தெரியுங்களா? நீலவாயன் வகையறா. பள்ளிக்கூடத்துல என்னை வாயைத் திற, வாயைத் திறன்னு புடிச்சுப் பாப்பாங்க. ஏன் அந்தப் பேருன்னு எங்கப்பனுக்கும் தெரியாது, அவங்கப்பனுக்கும் தெரியாது. ஒரு வேட்டிக்கு இத்தனை நீலம் யாரும் ஊத்த மாட்டாங்கம்மா, வேட்டியே கெட்டுப்போயிரும். இது கஞ்சி கரைக்கற ஆளு குடிச்சிறக் கூடாதுன்னு ஊத்தினது" என்றாள். விரலை இன்னொரு தடவை பார்த்தாள். "இருந்தும் குடிச்சிருக்காங்க."

மனோரஞ்சிதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். ஏழு குதிரும் நிறைய நெல் இருந்திருக்கிறது. தெருவில் மனிதர்கள் ஈரத் துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தபோது, இந்த அறைக்குள் அரிசியை வடித்து, பசித்தவன் கையாலேயே கரைக்க விட்டு, அவன் வாயில் வைக்காதபடி சாயத்தை ஊற்றி, அதை வேட்டிக்குப் போட்டு விறைப்பாகக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் ரங்கபூபதி. அதற்கு வெட்கப்படாமல் அண்டாவில் பேரும் வெட்டியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு அவள், நூறு கிராமுக்கு மனிதர்களை நடுத்தெருவில் நிறுத்தியவள், முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் கள்ளப் படியில் அளந்து ஊற்றியிருக்கிறாள். இந்தப் பொய்யை இனி ஒரு ஆளுக்குக்கூடச் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அன்று சாயங்காலமே குமரகுருவின் மண்டபத்துக்குப் போனாள். அவன் வளைவுக்கு எழுதிய எழுத்தில் கால் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, களிம்புன்னே இருக்கட்டும், விடு" என்றான்.

"நீலம்டா."

"சரி, நீலம். நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி எவனோ துணிக்குக் கஞ்சி போட்டான். அதுக்கு இப்ப நம்மளை என்ன பண்ணச் சொல்ற? அந்தக் காலத்துல எல்லாப் பெரிய வீட்லயும்தான் போட்டாங்க."

"போட்டாங்கல்ல? அதை எழுதி வை. வள்ளல்னு எழுதாதே."

"பத்திரிகை அடிச்சாச்சு. ஆளுங்களைக் கூப்பிட்டாச்சு. கடைசி நேரத்துல நம்ம ரத்தத்தையே தெருவுல இழுத்து விடுவியா?"

"ரத்தமா? ஒரு சொட்டு நீலம்டா நம்ம ரத்தம்."

சேதி ராத்திரிக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மறுநாள் காலையில் ஒன்பது கடைக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். பெருமாயிதான் பேசினாள். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் கண்ணு. ஆனா நெசத்தைச் சொல்லி, அந்த வீட்டுக்கு மனசு ஆறி, பசி போயிருச்சுன்னா? கடையை நம்பித்தான் மகளைக் காலேஜ்ல சேர்த்திருக்கேன். நாங்க எங்க போறது?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மனோரஞ்சிதத்துக்குக் கோபம் வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விழா நாளன்று கோழி கூப்பிட எழுந்தாள். ஓய்வு பெற்றபோது ஆபீசில் கழித்துப் போட்டதிலிருந்து ஞாபகத்துக்கு எடுத்துவந்த சின்னச் சுத்தியலும் உளியும் அலமாரியில் இருந்தன. வயிறு பிடுங்கப் பிடுங்க, அண்டாவின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, 'கஞ்சிக்கு' என்பதன் வாலைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வெட்ட ஆரம்பித்தாள். பந்தல்காரர்கள் வந்து மைக் கட்டுகிற நேரத்துக்கு வெட்டி முடித்து, புளித்தண்ணீர் விட்டுத் துடைத்து, மேலே ஒரு மாலையைச் சுற்றி விட்டாள்.

பதினோரு மணிக்கு நாற்பது வேட்டிகளும் சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தன. ஜெயக்கொடி குறை வைக்கவில்லை. ஒவ்வொரு வேட்டியும் தகடாக நின்றது. இருபத்தைந்தடி தள்ளி, முற்றத்துப் பந்தியில் இலை போட்டு வடையும் பாயசமும் தயாராக இருந்தன, ஏனென்றால் குதிர் அறைக்குப் போனால் பசிக்கும் என்பது ஏற்பாட்டிலேயே சேர்ந்த விஷயம். விளக்கேற்றினார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், அண்டாவில் இருக்கிற வாசகத்தை வீட்டுக்கார அம்மாவே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு நாளாக வெளியே வராத அக்கா அடங்கிவிட்டாள் என்று நினைத்து, குமரகுரு முந்திக்கொண்டு மைக்கை நீட்டினான்.

மனோரஞ்சிதம் மாலையை ஒதுக்கிவிட்டு, சந்தையில் அபராதம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"தாது வருஷம் மாசி மாதம் மிட்டாதார் ரங்கபூபதி கஞ்சிக்கு. வேட்டிக்குப் போட்ட கஞ்சி, வயிற்றுக்கு ஊற்றியது அல்ல. குடிக்காதிருக்க நீலம் கலந்தார். கலந்தும் குடித்தார்கள்."

குமரகுரு, "அக்காவுக்கு எப்பவும் தமாஷுதான்" என்று கைதட்டினான். அவன் கைதட்டல் மட்டும் ஏழு குதிர்களிலும் பட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் பசி வந்தது.

அன்று வந்தது நாலு மாதமாக ஊர் பழகி வைத்திருந்த பசி அல்ல. பேன்ட் போட்டு வந்த போட்டோக்காரர்களுக்கும் மைக்செட்காரருக்கும் வழக்கமான பசிதான். அவர்கள் வடை வாசனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். வேட்டி கட்டிய நாற்பது பேருக்கும் வடை வாசனை தெரியவில்லை, பாயசம் தெரியவில்லை, இருபத்தைந்தடியில் இலை போட்டிருப்பதே தெரியவில்லை; அவர்கள் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம், இடுப்பிலிருந்து எழுந்து வந்த அரிசியின் வாசனை ஒன்றுதான். சென்னைப் பெரியவர்தான் முதலில் குனிந்தார். வேட்டியின் முனையைத் தூக்கி, ஏதோ கறையைப் பார்க்கிறவர்போலப் பார்த்து, வாயில் வைத்துச் சப்பினார். அடுத்தது பங்காளிகள். அப்புறம் மண்டபக்காரன் குமரகுரு, இரண்டு கையாலும் வேட்டியைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, கண்ணில் தண்ணீர் வர வர, கன்று மடியை முட்டுவதுபோல முட்டி முட்டி உறிஞ்சினான். நாற்பது பேரும், தொடை தெரிகிறதே என்ற நினைப்புகூட இல்லாமல், கஞ்சி முழுக்கப் போய் வேட்டி துவண்டு கந்தலாகத் தொங்குகிற வரைக்கும் சப்பிக்கொண்டு நின்றார்கள். வாசலில் நின்ற ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஜெயக்கொடி கூட்டத்தில் இருந்தாள், அவளும் சிரிக்கவில்லை.

நிமிர்ந்தபோது நாற்பது வாயும் நீலமாக இருந்தன.

சாயம் மட்டமான சாயம் என்று பத்திரிகையில் போட்டார்கள். வளைவு வளைவாகவே நிற்கிறது. பேரை மட்டும் சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார்கள். பசி எங்கேயும் போகவில்லை, பெருமாயிக்கு நிம்மதி. எதிர்க்கடைக்காரன் ஒருவன் மறுவாரமே நீலக் கலரில் சர்பத் போட்டு 'மிட்டா ஸ்பெஷல்' என்று எழுதி வைக்க, மனோரஞ்சிதம் போய் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். இப்போது அவள் பார்வையாளர்களைக் கடைசியாக அல்ல, முதலிலேயே குதிர் அறைக்குக் கூட்டிப் போகிறாள். வந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சோற்றுக்கடை எங்கே என்று கேட்டால், "பசிக்குதா? பசிக்கட்டும். கேட்டுட்டுப் போங்க" என்று வாசலை மறித்து நின்று, எழுத்தைக் கடைசிப் புள்ளி வரை படித்துக் காட்டிவிட்டுத்தான் வழிவிடுகிறாள். சிலர் திட்டிக்கொண்டு போகிறார்கள்.

வெளியூர் விருந்தாளிகளின் நீலம் மூன்று வாரத்தில் வெளுத்தது. பங்காளிகளுக்கு ஆடியில் போயிற்று. குமரகுருவுக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தான், சாம்பல் தேய்த்தான், சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். மண்டபத்தில் வரவேற்க நின்றால் பெண் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவன் வண்டியைப் பார்த்தால் "வாயைத் திற, வாயைத் திற" என்று கத்தின.

புரட்டாசியில் ஒருநாள், துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜெயக்கொடி சலவையகத்தின் படியேறினான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள். அவன் உட்காரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துண்டை எடுத்தான்.

"நீலத்தை எதுல எடுப்பீங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

ஜெயக்கொடி எழுந்து வந்து, துணியில் கறை பார்க்கிறவள்போல, வெளிச்சத்துக்கு நேராக அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"துணின்னா ஒரு வெள்ளாவியில எடுத்துக் குடுத்திருவேங்க" என்றாள். "வாயில பட்டதை எப்படி எடுக்கறதுன்னு எங்களுக்குத் தெரியாது. நூத்தம்பது வருஷமா எங்களுக்கே போகலை."